'இல்லை' என்று எழுதிய மூன்று நாட்கள்

1

ஒரு தெர்மாமீட்டர், ஒரு சாண் நீளத்தில் பிளாஸ்டிக் அளவுகோல், கையடக்கமான ஒரு குறிப்பேடு. மூன்றையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்து, இடது தோளில் ஓர் ஊசியும் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே வந்து பார்த்தால் அபர்டீன் நகரத்தைக் காணோம். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவையும் சாம்பல் நிறக் கல் வீடுகளையும் மூடிவிட்டிருந்தது. ஸ்காட்லாந்தின் இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இருந்தும் இந்தப் பனிக்குள் நடக்கும்போது எந்த ஊரில் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோகும். அந்த மறதி எனக்குப் பிடிக்கும்.

ஊசி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஊரில் இதைப் படிக்கிறவர்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்துக்கொள்வார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்குக் குளிர்காலத்தில் வரும் நெஞ்சுக் காய்ச்சலைத் தடுக்க ஒரு புதிய மருந்து செய்திருக்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கத் தன்னார்வலர்கள் தேவை என்று நூலக வாசலில் ஒட்டியிருந்தது. எனக்கு ஐம்பத்து நான்கு. பெயர் கொடுத்தேன். எங்களில் பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, என்னைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் ஃபியோனாவுக்கும் தெரியாது.

என் கணவர் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். அங்கிருந்தபடியே போனில் சிரித்தார். "உப்புத் தண்ணி வாங்கிக்க ரெண்டு பஸ் மாறிப் போனியா?" என்றார். மகள் நிலா மான்செஸ்டரில் படிக்கிறாள். அவளிடமிருந்து "கூல் அம்மா" என்று ஒரு செய்தியும் ஒரு கட்டைவிரலும் வந்தன. ஏன் போனாய் என்று அவள் கேட்டிருந்தால் நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன். முகம் தெரியாத யாரோ முன்னாலேயே கையை நீட்டியதால்தான் உனக்குக் குழந்தையில் அத்தனை தடுப்பூசி கிடைத்தது, இப்போது என் முறை என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

2

ஊசிக்கு முன்னால் படித்துக் கையெழுத்துப் போட ஒரு கட்டுக் காகிதம் தந்தார்கள். அதில் ஒரு வரி என்னை நிறுத்தி வைத்தது. 'எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம்.' பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதோ, கல்யாணம் செய்து வைத்தபோதோ, விமானத்தில் ஏற்றியபோதோ இப்படி ஒரு வரியை யாரும் எனக்குக் காட்டியதில்லை. இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"சிறு வயதில் என்னென்ன தடுப்பூசி போட்டீர்கள்? அட்டை இருக்கிறதா?" என்று கேட்டாள் ஃபியோனா. அட்டைக்கு எங்கே போவேன்? சட்டையின் தோளை விலக்கி அம்மைத் தழும்பைக் காட்டினேன். அவள் பிறந்த காலத்தில் அந்த ஊசியையே நிறுத்திவிட்டார்கள். குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாணயம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எனக்கு ஆந்திராவில், சித்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் புத்தலப்பட்டுப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. ஜீப்பில் சூதிக்காரர்கள், அதாவது ஊசி போடுகிறவர்கள், வருகிறார்கள் என்று தெரிந்தால் பாதி வகுப்பு பின்னால் இருந்த மாந்தோப்புக்குள் ஓடிவிடும். தெலுங்கு வாத்தியார் ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்து வருவார். குத்தி முடித்ததும் டாக்டர் "நொப்பியா?" என்று கேட்பார். வலிக்கிறதா என்று அர்த்தம். நாங்கள் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு "லேது சார்" என்போம். இல்லை சார். அதுதான் மரியாதை. நம் நல்லதுக்காக வெயிலில் அவ்வளவு தூரம் வந்த மனிதரிடம் வலிக்கிறது என்று சொல்வார்களா யாராவது?

அதோடு எங்களுக்கு ஊசி முடிந்தது. ஊரில் தடுப்பூசி என்றால் குழந்தைகளுக்கு, அப்புறம் பிள்ளைத்தாய்ச்சிக்கு, அவ்வளவுதான். இங்கே வயது ஏற ஏறக் கடிதம் வருகிறது. இந்த வருடம் ஃப்ளூவுக்கு வா, அடுத்த வருடம் வேறொன்றுக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை வருவது நின்றுபோன வயதில் எனக்குத் தவறாமல் வரும் அழைப்புகள் இவைதான். ஒன்றையும் நான் விட்டதில்லை.

3

அன்று சாயங்காலமே தோள் கனத்தது. மறுநாள் காலை எழுந்தபோது உடம்பு என்னுடையதாக இல்லை. தெர்மாமீட்டர் முப்பத்தெட்டரை காட்டியது, ஊர்க் கணக்கில் நூற்றொன்றுக்கு மேல். நான் வேலை செய்யும் பள்ளிச் சமையலறைக்கு லீவு சொல்லிவிட்டு ஜன்னலோரம் படுத்தேன்.

காய்ச்சலை நான் எப்போதும் வெறுத்ததில்லை. பகல் வெளிச்சத்தில் வரும் லேசான காய்ச்சலில் ஒரு சுகம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே பனி, அதற்குள் எங்கோ கப்பல் ஊதுகிற சத்தம். அது மெல்ல மாறி, மாங்காய் லோடு ஏற்றிய லாரிகள் சித்தூர் ரோட்டில் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கிற சத்தமாக ஆனது. மாம்பழக் கூழ் ஆலை வாசலிலிருந்து எங்கள் வீடு வரை லாரிகள் நிற்கின்றன. நடுவில் ஒரு லாரியின் மேல் நிலா மூன்று வயதுக் குழந்தையாக உட்கார்ந்திருக்கிறாள். இறங்கு என்கிறேன். "நான் நல்லா இருக்கேன் அம்மா" என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். கண் விழித்தபோது போர்வை நனைந்திருந்தது.

குறிப்பேட்டை எடுத்தேன். ஊசிக்குப் பிறகு ஏழு நாட்கள், நாளுக்கு ஒரு பக்கம். வலி, சிவப்பு, வீக்கம், தலைவலி, களைப்பு, காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு கட்டம்: இல்லை, கொஞ்சம், நடுத்தரம், அதிகம். பேனாவைக் கையில் பிடித்தபோது ஃபியோனாவின் முகம் வந்தது. எவ்வளவு பதமாகக் குத்தினாள், "நன்றாக இருப்பீர்கள்" என்று எத்தனை தடவை சொன்னாள். அவள் கையால் போட்ட ஊசியில் குறை சொல்வதா? வரிசையாக 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன். காய்ச்சல் எவ்வளவு என்ற இடத்தில் முப்பத்தேழு என்று எழுதினேன். புள்ளி வைத்துப் பூச்சியமும் போட்டேன்.

அதற்கு மறுநாளும் காய்ச்சல், அன்றும் 'இல்லை'. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் சிவப்பு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு அதற்கும் 'இல்லை' என்றே எழுதினேன். நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட திருப்தி எனக்கு.

4

அந்த மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு ஊரில் மதியம் இரண்டு மணி. அப்பா, எங்களுக்கு நைனா, சாப்பிட்டு முடித்திருப்பார் என்று வீடியோவில் கூப்பிட்டேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. தம்பி ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்வதால் வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் தம்பி மனைவி தேவகிதான் நைனாவைப் பார்த்துக்கொள்கிறாள்.

நைனாவுக்கு வீடியோ அழைப்பு என்றால் கூரை மின்விசிறியைக் காட்டுவதுதான். விசிறியைப் பார்த்தபடியே பேசினோம்.

"எப்படி கீற நைனா?"

"எனக்கு இன்னாமா, நல்லா கீறேன். நீ?"

"நல்லா கீறேன்."

வருடக்கணக்காக எங்கள் பேச்சு இவ்வளவுதான். இதற்கு மேல் மழை, மாங்காய் விலை. அன்றைக்கு மழைக்குப் போவதற்குள் போன் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. படத்தில் அவர் கால் தெரிந்தது. கெண்டைக்காலில் ஒரு துணிக்கட்டு, அதன் ஓரத்தில் செக்கச்செவேலென்று ஏதோ பூசியிருந்தது.

"கால்ல இன்னா நைனா அது?"

"ஒண்ணும் இல்லமா. முள்ளு கீறிச்சி."

பின்னாலிருந்து தேவகியின் குரல் வெடித்தது. "முள்ளா? நாய் கடிச்சிது அண்ணி! பஸ் ஸ்டாண்டாண்ட. நாலு நாளு ஆவுது. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. மொளகாத்தூள வெச்சிக் கட்டிக்கினு, குடிபாலாவுக்குப் போயி யாரோ குடுத்த எல மருந்த துன்னுட்டு வந்து, உப்பு புளி இல்லாம பத்தியம் கெடக்கறாரு."

"ஊசி?"

"போட்டுக்கவே மாட்டேங்கறாரு அண்ணி."

 

5

"தேவகி, மொதல்ல அந்தக் கட்ட அவுரு. சோப்பு போட்டு, கொழாத் தண்ணிய தொறந்து உட்டு கால் மணி நேரம் கழுவு. நைனா, கெளம்பு. சித்தூரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போவணும்."

"அய்யே, உடும்மா. அது தெனம் பாக்கற நாய்தான்."

"இப்ப அது எங்க?"

 தேவகிதான் சொன்னாள். "அன்னிலேந்து அந்த நாய யாரும் பாக்கல அண்ணி."

 நைனா குரலைத் தாழ்த்தி, தேவகிக்குக் கேட்காதபடி சொன்னார். "எங்க பெரிப்பா மவன் முனுசாமிக்கு நாய் கடிச்சிச்சி. தொப்புள சுத்திப் பதினாலு ஊசி. அவன் கைய நான்தான் புடிச்சிக்கினேன். அவன் கத்துனது இன்னும் காதுல கீதும்மா."

எழுபத்தெட்டு வயது மனிதர் பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் பயம் அது.

"அதெல்லாம் அந்தக் காலம் நைனா. இப்ப வயித்துல போடறதே இல்ல. தோள்லதான். நாலு தடவ போனா முடிஞ்சிது. எனக்குப் போட்டாங்களே, அந்த மாதிரிதான்."

"உனக்கு இன்னாத்துக்கு ஊசி?"

சொன்னேன். புது மருந்து, சோதனை, குறிப்பேடு எல்லாவற்றையும் சொன்னேன்.

"வலிச்சிதா?"

'இல்ல' என்று வாய் திறந்துவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அந்தப் பொய் வசதியாகவும் இருந்திருக்கும். ஏனோ அன்றைக்கு வரவில்லை. "வலிச்சிது நைனா. ரெண்டு நாளு ஜொரம். கைய தூக்கவே முடியல."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டேன்."

"காயிதத்துலயா?"

இங்கே நைனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப் பால் சங்கத்தில் பத்து வருடம் கொழுப்பு அளவு பார்த்து எழுதியவர் அவர். சொந்த மச்சான் கொண்டுவந்த பாலாக இருந்தாலும் கருவி காட்டியதைத்தான் எழுதுவார். அதனால் எங்கள் அத்தை வீட்டில் இரண்டு பொங்கலுக்கு எங்களைக் கூப்பிடவே இல்லை.

"மெஷினு ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு எழுதிக்கினு கீற. அத்த நம்பி ஊருக்கெல்லாம் ஊசி போடுவாங்களேம்மா. நாளைக்கு ஒரு கெழவனுக்கு ஜொரம் வந்தா, இது ஊசியால வந்துதா வேற எதனாலயான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் குரல் கோபத்தில் ஏறியிருந்தது. 

எனக்கும் கோபம் வந்தது. "நான் எழுதுனது தப்புதான். நீ மட்டும் இன்னா பண்ற? முள்ளுன்னு சொல்ற. அந்த நாய்க்கு வெறி இருந்துதா இல்லையான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நோவு வந்துட்டா ஒலகத்துல மருந்தே கெடையாது நைனா. நான் அங்க வந்து சேர்றதுக்குள்ள…"

அழுதுவிட்டேன். 

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "சரி. நீ போயி உண்மைய சொல்லு. நான் போயி ஊசி போட்டுக்கினு வரேன்."

6

சொன்னபடி ஃபியோனாவைக் கூப்பிட்டேன். இத்தனை வருடம் பேசிய ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. "உங்கள் புத்தகத்துக்கு நான் பொய் சொன்னேன்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். விலக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஏன் அவ்வளவு வலித்தது என்று எனக்கே புரியவில்லை.

ஃபியோனா திட்டவில்லை. காய்ச்சல் எத்தனை மணிக்கு, எவ்வளவு, மாத்திரை ஏதாவது போட்டேனா என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "அழிக்காதீர்கள். எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள். பழையது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் இன்றைய தேதியும் போடுங்கள். நீங்கள் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்." கடைசியாக, "ஊசியை வாங்கிக்கொள்வது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்வதற்குத்தான் எங்களுக்கு நீங்கள் வேண்டும்" என்றாள்.

மூன்று பக்கங்களிலும் கோடு போட்டேன். ஒவ்வொரு 'இல்லை'யின் மேலும் ஒரு கோடு, பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்து. அது முடிந்த பிறகும் ஊரிலிருந்து போன் வரவில்லை. நாலு நாளை வீணாக்கிவிட்டார் என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன், அணைத்தேன், மறுபடி பற்ற வைத்தேன்.

இங்கே மதியம் ஒரு மணிக்கு தேவகி கூப்பிட்டாள். "போட்டாச்சி அண்ணி. ரெண்டு தோள்லயும் ஒண்ணொண்ணு. கடிச்ச எடத்த சுத்தியும் வேற மருந்து போட்டாங்க. 'நாலுகு ரோஜுலு ஏம் சேஸ்தன்னாரு? நாலு நாளா இன்னா பண்ணீங்க?'ன்னு அந்த டாக்டரம்மா புடிச்சி ஏறுனாங்க பாரு, மாமா தலைய தூக்கவே இல்ல. லேட்டா வந்தாலும் போட்டுக்கறது நல்லதுதானாம். மீதிய மட்டும் உடக்கூடாதாம்."

"கத்துனாரா?"

"எங்க கத்துனாரு! 'இவ்ளோதானா?'ன்னு நர்ஸ கேக்கறாரு."

அன்றிலிருந்து தினமும் நைனாவைக் கூப்பிட்டு என் குறிப்பேட்டில் உள்ளபடியே கேட்டேன். வலி? இல்ல. வீக்கம்? இல்ல. தலைவலி? இல்ல. "பால் சங்கத்துல இப்படித்தான் எழுதுனியா?" என்றேன். அதன் பிறகு வழிக்கு வந்தார். "கொஞ்சம் கீது." கொஞ்சமா, நடுத்தரமா? "அதுக்கும் இதுக்கும் நடுவுல." அப்படி ஒரு கட்டம் இல்லை நைனா என்றால், கட்டம் போட்டவனுக்கு நாய் கடித்திருக்காது என்பார். மின்விசிறிக்குப் பதில் அவர் முகம் தெரிய ஆரம்பித்தது. தாடி முழுக்க வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சோதனையிலிருந்து என்னை விலக்கவில்லை. டாக்டர் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்துக்கொண்டாராம். பஸ்ஸில் அந்தச் செய்தியைப் படித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

7

நைனாவுக்கு இரண்டாவது ஊசியும் மூன்றாவது ஊசியும் ஆயின. நாலாவது, முதல் ஊசியிலிருந்து இருபத்தெட்டாம் நாள். அந்த நாளுக்குத்தான் திருமலையில் தரிசனம் கிடைத்திருந்தது. ஊசியை விட்டுவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார் நைனா.

"மூணு ஆயிடிச்சில்ல. காலும் ஆறிப்போச்சி. மீதிய பெருமாளு பாத்துக்குவாரு."

"அவரு பாக்கட்டும். அதுக்கு முன்னாடி நர்ஸ் பாக்கட்டும்" என்றேன்.

ஒரு வாரம் இழுபறி. தம்பி வந்து பேசினான், மசியவில்லை. தேவகிதான் வழி கண்டுபிடித்தாள். சித்தூருக்கே போக வேண்டியதில்லை, சீட்டை எடுத்துக்கொண்டு காலையில் திருப்பதி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு அப்படியே மலைக்குப் போகலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். "நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலன்னா நான் மலைக்கு வரல மாமா" என்று ஒரு போடு போட்டாளாம். கிளம்பிவிட்டார்.

அன்று எங்கள் பள்ளிக்கு விடுமுறை. காலை ஒன்பது மணி, வெளியே ஒன்றும் தெரியாத பனி. கணவர் கடலுக்குப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. போன் அடித்தது. நைனாவின் முகம், அதற்குப் பின்னால் வெயிலில் மலையடிவாரத்து அலிபிரி, அதற்கும் பின்னால் மலை. பஸ் ஏறும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"போட்டாச்சிம்மா. நாலும் ஆச்சி."

 நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பழக்க தோஷத்தில் கேட்டேன். "வலி?"

"கொஞ்சம்."

"தலவலி?"

"இல்ல." கொஞ்சம் யோசித்தார். "கண்ணு கேக்கமாட்டியா?"

"அது அந்த லிஸ்ட்ல இல்ல நைனா. இன்னா கண்ணுக்கு?"

"எடது கண்ணு ஒரு வருசமா மங்கலா கீது. ஐப்பசி மழையில பாத்ரூம்ல வழுக்கி உழுந்தேன், தேவகிக்குக்கூடத் தெரியாது. அப்பலேந்து இடுப்பு ஒரு பக்கம் புடிச்சிக்கினு கீது. படி ஏறுனா மூச்சு வாங்குது. சில நாளு காலைல எழுந்துக்கத் தோணமாட்டேங்குது. உங்கம்மா போன பின்னாடி அப்படித்தான்."

அம்மா போய் ஆறு வருடம். கையில் கிடைத்த ஒரு கடித உறையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே போனேன். கண், இடுப்பு, மூச்சு. கடைசியாகச் சொன்னதை என்னவென்று எழுதுவது? அதற்கு நேராக ஒன்றும் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லச் சொன்னவள் நான்தான். அதைக் கேட்க இவ்வளவு பலம் வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை.

"உனக்கு?" என்றார் நைனா.

"எனக்கு இன்னா நைனா, நல்லா…"

நைனா விடவில்லை. கருவியில் முள் நிற்கும் வரை காத்திருக்கும் பால் சங்கத்து மனிதராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு கடலுக்குப் போயிட்டா வீட்டுல நான் மட்டும்தான் நைனா. நிலா பேசி மூணு வாரம் ஆவுது. நல்லா இருக்கேன்னு எழுதி அனுப்பறா. அந்த ஊசி போடற எடத்துல எப்படி இருக்கன்னு கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் பேனாவ புடிச்சிக்கினு காத்துக்கினு இருப்பாங்க. அதுக்காகத்தான் நான் அங்க போறேன்."

அங்கே ஒரு பஸ் வந்து நின்றது. "திருமலா! திருமலா! பதண்டி, பதண்டி" என்று நடத்துநர் ஆட்களைக் கிளப்பிக் கத்துவது கேட்டது. தேவகி பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. "மாமா, பஸ்ஸு! எடம் கீது, வாங்க!"

நைனா எழுந்திருக்கவில்லை. போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தார். திரை முழுக்க அவர் முகம்.

"அது போவட்டும் தேவகி. அடுத்ததுல போலாம்" என்றார். பிறகு என்னிடம், "நீ சொல்லும்மா."